புள்ளிக் கணக்கு

ஈ ஓட்டுவதென்றால்
வேலை இல்லாமல் இருப்பது என்று
யார் சொன்னது?
எஸ்தோனியாவின் சாரெமா தீவில்
முப்பத்தொரு மாடுகள் கட்டிய தொழுவத்தில்
ஜூன் மாதம் முழுக்க உர்வேக்கு அதுதான் வேலை.
பத்தரை மணிக்கும் வெளிச்சம் போகாத இரவு.
மாடுகள் படுத்து அசைபோடத் தொடங்கிவிட்டன.
ஈக்களுக்கு மட்டும் இன்னும் பகல்.

கன்றுக் கொட்டிலின் தூணில்
உள்ளங்கை அகல வெள்ளை அட்டை ஒன்றை
ஆணியில் மாட்டியிருக்கிறாள்.
ஏழு நாள்.
வந்து உட்கார்ந்த ஒவ்வொன்றும்
புள்ளி வைத்து வருகையைப் பதிந்துவிட்டுப் போகும்.
வெளிறியது கக்கியது, கறுத்தது கழித்தது.
ஞாயிற்றுக்கிழமை காப்பிக் கோப்பையோடு
பென்சில் முனையால் எண்ணுவாள்.
நூறைத் தாண்டினால் கவலைப்படு என்றது
பால் கூட்டுறவின் துண்டுத்தாள்.
இருநூற்றுப் பதினான்கில் நிறுத்தினாள்.
அட்டையில் பாதி மீதமிருந்தது.

"இன்னும் கொஞ்சம் மருந்து அடி" என்றான் தம்பி ராய்வோ.
அடித்தாள்.
ஈக்கள் மல்லாந்து விழுந்து
காலை உதறிக் கொஞ்ச நேரம் யோசித்தன.
மறுநாள் எழுந்து
மாசிக்கின் கண்ணோரம் ஈரம் குடித்தன.
மாசிக் என்றால் அவர்கள் மொழியில் ஸ்ட்ராபெரி.
பேருக்குப் பொருத்தமில்லாத அந்தப் பசு
வாலைச் சுழற்றிச் சுழற்றி
உர்வேயின் கன்னத்தில் தினம் ஒன்று வைத்தது.
பாலில் நான்கு லிட்டர் குறைத்தது.

பிறகு ஒட்டு நாடா.
உத்திரத்திலிருந்து தேன் நிறத்தில் பதினெட்டுச் சுருள்கள்.
ஒரே நாளில் கறுத்தன.
திருவிழாத் தோரணம் என்று சிரித்தான் ராய்வோ.
திருவிழாவும் வந்தது.
ஜூன் இருபத்துமூன்று, ஊரெல்லாம் தீ மூட்டும் இரவு.
கடற்கரையிலிருந்து புகையும் பாட்டும் வந்தபோது
தொழுவத்தில் வேறொரு சத்தம்,
தாள் கிழிவதுபோல்.

நாடாவில் ஒரு தகைவிலான்.
ஈயைத் துரத்தி வந்த வேகத்தில்
இடது சிறகு முழுதும் ஒட்டியிருந்தது,
வால் இழை ஒன்றும்.
மேலே மண்கூட்டில் ஐந்து மஞ்சள் வாய்கள்
திறந்தபடி.

ஏணி போட்டாள். நாடாவைக் கத்தரித்தாள்.
மடியில் கிடத்தி
சூரியகாந்தி எண்ணெயை விரலில் தொட்டு
இறகு இறகாகப் பிரித்தாள்.
மாவு தூவி, துடைத்து,
மறுபடி எண்ணெய், மறுபடி மாவு.
ரொட்டிக்குப் பிசைகிற மாதிரி ஆகிவிட்டது என்று
பின்னால் ஒருநாள் சொன்னாள்.
அப்போது ஒன்றும் சொல்லவில்லை.
வால் இழை நாடாவோடு போயிற்று.
விடியும்வரை அட்டைப்பெட்டியில் வைத்திருந்தாள்.
விடிவதற்கு அந்த மாதத்தில் அதிக நேரம் ஆகாது.

நான்கு மணிக்குத் திறந்தபோது
அது பறந்தது என்று சொல்ல முடியாது.
தொத்தித் தொத்தி உத்திரம் ஏறியது.
ஐந்து வாய்களில் நான்கு
இன்னும் திறந்திருந்தன.

மிச்சப் பதினேழையும் அன்றே இறக்கினாள்.
பிறகு தண்ணீர்த் தொட்டியின் பின்னால் போய்
குழாய் சொட்டுகிற மூலையில்
வைக்கோலைக் கவைக்கோலால் புரட்டினாள்.
சூடாக இருந்தது. நெளிந்தது.
வடித்த சோறாய் வெள்ளைப் புழு;
அடியில் வறுத்த கோதுமையாய்க் கூடுகள்.
"நாம் மாடு மட்டும் வளர்க்கவில்லை" என்றாள்.
ராய்வோ வாய் திறக்கவில்லை.
ஏப்ரலிலிருந்து அந்த மூலை அவன் பொறுப்பு.

முட்டை ஈயாகப் பத்து நாள் போதும்.
ஆகவே ஏழு நாளுக்கு ஒருமுறை கவைக்கோல்;
வாரி, தள்ளி,
வயலில் மெல்லிசாய்ப் பரப்பிக் காயவிடுவது.
குழாய்க்கு ஒன்றரை யூரோவில் புது வாஷர்.
இருவருக்கும் முதுகுவலி.

நூற்று எழுபது.
தொண்ணூறு.
மழை பெய்த வாரம் நூற்று நாற்பது;
அட்டையைத் திருப்பி மாட்டிவிடலாமே என்றான் ராய்வோ.
நாற்பத்திரண்டு.

ஆகஸ்ட் முடிவில்
மின்கம்பியில் வரிசை கட்டின தகைவிலான்கள்.
வால் குறைந்தது எது என்று
கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தாள்.
தெரியவில்லை. எல்லாம் ஒன்றாய்க் கிளம்பின.

செப்டம்பரில் பால் வண்டி லெம்பித்
"ஈயே இல்லை போலிருக்கே" என்றார்.
இருக்கிறது என்று
அட்டையை எடுத்து நீட்டினாள்.
முப்பத்தொன்று.
மாட்டுக்கு ஒன்று.