சமையலறைக்கு மேலே ஒரு கறை

சிக்காஷாவுக்கு வெளியே
நாற்பத்தெட்டில் கட்டிய வீடு.
கூரைக்கு வயது இருபத்திரண்டு என்கிறது ஒரு காகிதம்.
முப்பது நாளுக்குள் சரிசெய்யாவிட்டால்
காப்பீடு ரத்து என்கிறது இன்னொரு காகிதம்.
அதோடு ஒரு படம்.
மார்ச் மாதம் ஒரு விமானம்
இறங்காமல், கதவைத் தட்டாமல்
ஓக்லஹோமா முழுக்க எடுத்துக்கொண்டு போனதில் ஒன்று.
சமையலறைக்கு மேலே சிவப்பு வட்டம்,
வட்டத்துக்குள் கரிய கறை.
‘ஈரம் இறங்கியிருக்கலாம்.’

அந்தக் கறைக்காகத்தான் என்னை அனுப்பினார்கள்.

ஏணியைச் சாய்த்தேன்.
வெல்டா ஸ்ப்ராட்லின் கதவைத் திறந்து
‘ஷூவைத் துடைச்சுட்டு ஏறு’ என்றாள்,
கூரைக்கு.

சாக்கட்டியால் பத்தடிக்குப் பத்தடி கட்டம் போட்டேன்.
ஆலங்கட்டித் தழும்புகளை எண்ணினேன்:
தெற்குச் சரிவில் ஆறு, மேற்கில் பதினொன்று.
தார் ஓடுகளின் மணல் உதிர்ந்து
தகரக் கால்வாயில் எரிந்த சர்க்கரையாய்க் கிடந்தது.
அதற்குள் சிகரெட் துண்டுகள்.
பத்தொன்பது.
எதையும் எண்ணாமல் விடுகிறவன் அல்ல நான்.

சமையலறைக்கு மேலே
கையால் தடவினேன், முழங்காலால் அழுத்தினேன்.
காய்ந்து கெட்டியாக இருந்தது.
பரணுக்குள் தவழ்ந்து அடியிலும் டார்ச் அடித்தேன்.
துருப்பிடித்த ஆணிகள், காலியான குளவிக்கூடு.
கறை இல்லை.

படத்தைக் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள்.
வெகுநேரம்.
‘இது கறை இல்ல’ என்றாள்.
‘இது ஆர்விஸ்.’

அவள் சொன்ன பிறகுதான்
கறையில் ஒரு முழங்கால் முளைத்தது எனக்கு.
கால்மேல் கால். கறுப்பு ஜாக்கெட்.
மல்லாந்து படுத்திருக்கிறான் மனுஷன்.

‘ரெண்டு வருஷமா தொடவே இல்லன்னு
பைபிள்மேல சத்தியம் பண்ணான்.
கால்வாயில இலை அள்றேன்னுதான் ஏறுவான்.
மே மாசம் போயிட்டான்.’

துண்டுகளைப் பற்றி நான் சொல்லவில்லை.
பிறகு சொன்னேன், எண்ணிக்கையோடு.
அவள் சிரித்த சிரிப்புக்குப்
பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

படிவத்தில் எழுதினேன்.
கறை: இல்லை.
கசிவு: இல்லை.
மீதி ஆயுள், ஆண்டுகளில்:
இந்த இடத்தில் பேனா எப்போதும் நிற்கும்.
ஐந்து என்றால் தருவார்கள்.
நான்கு என்றால் மாட்டார்கள்.
மேற்குச் சரிவின் பதினொன்றை நினைத்து
நான்கு என்று எழுதினேன்.
அவளிடமும் சொன்னேன்.
ஐந்தாக்கச் சொல்வாள் என்று நின்றேன்.
‘விடு. இந்தக் கூரைக்கு
ஒரு பொய்யன் போதும்.’

ஏணியை மடக்கப் போனபோது
‘பிடிச்சுக்கோ’ என்றாள்.
வேறு யாரையாவது ஏற்றினால்
என்னுடைய காப்பீடு செல்லாது.
பிடித்துக்கொண்டேன்.

பதினோராவது படியில் நின்று
அவள் கூரையைப் பார்க்கவில்லை.
திரும்பி ரோட்டைப் பார்த்தாள்,
தானியக் கிடங்கு வளைவு வரைக்கும்.

‘அடப்பாவி,
என் கார் வர்றது
இங்கேர்ந்து நல்லாத் தெரியுது.’