வழமை

"வயது எண்பத்திமூன்று" என்று தொடங்கினார் டாக்டர்,
அதிலேயே முடித்துவிடுகிற குரலில்.
"வழமையாகவே இப்படித்தானா?"

இல்லை.
செவ்வாய்க்கிழமை இவர்
கரண்ட் பில்லில் பதினொரு டொலர் பிழை பிடித்து
கம்பெனிக்காரனை நாற்பது நிமிஷம் போனில் நிறுத்தி வைத்தவர்.
வெள்ளிக்கிழமை கரண்டியைப் பார்த்து
இது ஆருடையது என்று கேட்டார்.
இடையில் இரண்டே இரண்டு நாள், டாக்டர்.
முதுமை இவ்வளவு அவசரமாக பஸ் பிடித்து வராது.

டண்டினோங். யூலைக் குளிர்.
எமர்ஜென்சியில் ஒன்பதாவது மணித்தியாலம்.
திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் யாரோ
நாய்க்குச் சாப்பாடு வைக்கச் சொல்லி அழுகிறார்.
மாமாவின் காதுக்கருவி வீட்டில், குளியலறைத் தட்டில்.
அது இல்லாமல்தான் மூன்று பேர்
அவரிடம் கேள்வி கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பிறகு போனில் ஒரு மொழிபெயர்ப்பாளர்.
"ஐயா, இன்னைக்கு என்ன தேதி?"
ஸ்பீக்கரை அவர் காதோடு வைத்துப் பிடித்தேன்.
மாமா கூரையைப் பார்த்தார். நெடுநேரம்.
"ஆடி அமாவாசைக்கு இன்னும் நாலு நாள்."
'தேதி தெரியவில்லை' என்று
ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்தது பதில்.
பெட்டிக்குள் ஒரு புள்ளடி விழுந்தது.

என் போனில் பஞ்சாங்கம் தேடிக் காட்டினேன்.
நாலு. சரியாக நாலு.
தகப்பனுக்காக அறுபது வருஷம் விடாமல் பிடிக்கிற விரதம்.
டாக்டர் சிரித்தார். கெட்டவரல்ல, கால் மாற்றி மாற்றி நின்றார்.
புள்ளடியை மட்டும் அழிக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், அடுத்த நிமிஷமே மாமா
என்னைக் கண்டக்டர் என்று நினைத்து
மருதானையில் இறக்கிவிடச் சொன்னார்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
அது பொய்யா வக்காலத்தா, எனக்குத் தெரியாது.

"நீங்கள் மகளா?"
மருமகள். மகன் பேர்த்துக்கு அங்கால்
சுரங்கத்தில், போன் எடுபடாத ஷிப்டில்.

கைப்பையைக் கட்டிலில் கொட்டினேன்.
மருந்துப் பெட்டிகளில் ஒன்று புதிது:
கால் வீக்கத்துக்கு, நீர் போகிற குளிசை. பத்து நாளாக.
"இரத்தத்தில உப்பைப் பாருங்கோ."
நான் படித்தவளில்லை,
சூப்பர்மார்க்கெட் கல்லாவில் நிற்கிறவள்.
ரசீது பிழைத்தால் கடைசியாகத் தட்டினதைத்தான்
முதலில் பார்ப்போம்.

"காலையில் பார்க்கலாம்."
இப்ப பாருங்கோ.
"இரத்தம் எடுக்கிறவர் போய்விட்டார்."
நான் நிற்கிறேன்.
கதிரை இல்லை. நின்றேன்.

இரவு இரண்டரைக்கு வந்தது: நூற்றுப் பதினெட்டு.
டாக்டர் ஸ்க்ரீனைப் பார்த்து "நல்லவேளை" என்றார்,
யாருக்கு என்று சொல்லவில்லை.
உப்பை மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேணுமாம்.
அவசரப்பட்டால் மூளை தாங்காதாம்.
இதற்கு மட்டும் நான் அவசரப்படவில்லை.

திங்கள் காலை. காதில் கருவி.
"காரை எங்க விட்டனீ?"
கீழ, மாமா.
"எவ்வளவு எடுக்கிறான்?"
ஒரு நாளைக்கு முப்பத்தொரு டொலர்.
கண்ணை முழுசாகத் திறந்தார்.
"கொள்ளை."

நர்ஸிடம் ஓடினேன்.
எழுதிக்கொள்ளுங்கோ, இதுதான் வழமை.
எந்தப் பெட்டியில் என்று
அவளுக்குத் தெரியவில்லை.