ஏழு வேளை

மின்வாரிய அட்டையின் பின்பக்கம் எழுதினேன்:
வெள்ளி மதியம் முதல் ஞாயிறு மதியம் வரை
ஏழு வேளை.
அறை போட்டது அவர். கார் பேசியது அவர்.
கேத்தி ரோட்டில் புதிதாய்த் திறந்த ராட்டினப் பூங்காவுக்கு
நாலு டிக்கெட் எடுத்தது பவித்ரன்.
எங்கே சாப்பிடுவது என்பது மட்டும்
எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்தது,
கழுவாத டிபன் டப்பா மாதிரி.

அவருக்கு வயிற்றுப்புண்.
எட்டு மணிக்குள் இட்லி வேண்டும், மாத்திரை இருக்கிறது.
பவித்ரனுக்குத் தந்தூரி அடுப்பு
வாசலிலேயே எரிய வேண்டும்.
தாரணி சனிக்கிழமை கவுச்சி தொடமாட்டாள்.
விசாவுக்காக வேண்டிக்கொண்டது;
விசா வந்த பிறகும் விடவில்லை.
"எனக்கு எதுன்னாலும் சரிம்மா."
புதன்கிழமை டப்ளினுக்கு ஏறுகிறவள்
வேறென்ன சொல்வாள்.

சேரிங்கிராஸ் பக்கம் ஒரு மெஸ்.
கமர்சியல் ரோட்டில் ஒரு மாடிக்கடை.
எதிர்வீட்டுப் பூங்கோதை போன மாசம் போய்வந்தவள்:
"மெஸ்ஸுல எலை சின்னதுங்க்கா.
மாடிக்கடைல பாத்ரூம் பரவால்ல."
உடுமலைப் புழுக்கத்தில், ராத்திரி பதினொன்றரைக்கு,
இலையையும் பாத்ரூமையும்
தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒவ்வொரு வேளைக்கும் பக்கத்தில் ஒரு பெயர்.
அவர். பவி. தாரணி.
பிறகு மறுபடி முதலிலிருந்து.

பர்லியாறு தாண்டி ஏழாவது வளைவில்
பவித்ரன் வாந்தி எடுத்தான்.
முதல் வேளை ரசத்தோடு முடிந்தது.
இரண்டாவது, தந்தூரி. அடுப்பு வாசலில்தான் இருந்தது,
அணைந்து.

சனிக்கிழமை பூங்காவில்
டிக்கெட்டோடு சாப்பாட்டுக் கூப்பனும் சேர்த்தி.
பனியில் ராட்டினத்தின் கீழ்ப்பாதி மட்டும் தெரிந்தது.
மேலே போனவர்கள் கத்துகிற சத்தம் வந்தது,
ஆட்களைக் காணோம்.
டோக்கன் நானூற்றுப் பதினொன்று.
பிளாஸ்டிக் தட்டில் வெஜ் நூடுல்ஸ்.
தாரணி பாதியில் எழுந்து
தம்பியை இழுத்துக்கொண்டு பனிக்குள் போனாள்.
அவள் ஒதுக்கிய முட்டைக்கோஸை
நான் சாப்பிட்டேன்.
சத்தங்களில் எது அவளுடையது என்று
தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே.

கடைசி என்ற சொல்லை
மூன்று நாளும் யாரும் எடுக்கவில்லை.
ஞாயிறு காலை பவித்ரன்தான்
தட்டில் கிடந்த கடைசி இட்லியைப் பார்த்து
"இது யாருக்கு?" என்றான்.
கேட்டுவிட்டு என் தட்டில் வைத்தான்.

இறங்கும் வழி, குன்னூர்.
கைப்பையில் சில்லறை தேடியவள்
அட்டையைக் கண்டுபிடித்தாள்.
ஏழாவது வேளைக்குப் பக்கத்தில்
'கிடைத்தது' என்று எழுதியிருந்தேன்.
தாரணி பேனாவை எடுத்து அதை அடித்தாள்.
"இது உன்னுது. சொல்லு, எங்க?"

கண்ணில் பட்ட முதல் கடைக்குள் நுழைந்தேன்.
மெனு கார்டு என் கையில்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.
பரோட்டாவின் காய்ந்த ஓரம் தெரியும்.
பிரியாணியில் யாரும் தொடாத கத்தரிக்காய் தெரியும்.
ஆறின காபியின் அடிச் சர்க்கரை தெரியும்.
இவை எதுவும் அதில் இல்லை.
மங்கி குல்லாய் போட்ட சர்வர்
இரண்டு தடவை வந்து திரும்பினார்.
அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் மூன்றாம் பக்கம் திருப்பினேன்.

"காளான் சூப்."
"ஒன் பை டூங்களா மேடம்?"
அவர் வாயைத் திறந்தார்.
"முழுசு" என்றாள் தாரணி.

ஆவி கண்ணாடியில் படிந்தது.
எதிரே உட்கார்ந்திருந்த மூன்று பேரும்
கொஞ்ச நேரம் வெறும் நிறங்களாக இருந்தார்கள்.
பவித்ரன் ஸ்பூனை நீட்டினான்.
கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

உப்பு கொஞ்சம் தூக்கல்.
யாரிடமும் சொல்லவில்லை.