பதினேழு சதவீதம்

தங்கம் கூரியரில் வந்தது,
ஒரத்தநாடு நெல் கொள்முதல் நிலையத்துக்கு.
சாக்குக் கட்டின் மேல் காகிதத்தை வைத்து
கையெழுத்து வாங்கினான் பையன்.
"மெடலாக்கா? கனமே இல்லியே."

மூன்று வருடம் முந்தைய பந்தயம்.
வல்லத்தில் கொடி, பட்டுக்கோட்டையில் கோடு.
சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்தது,
மறு பாதியில் நாங்கள் நாற்பத்தொரு பேர்.
பாப்பாநாடு வளைவில்
ஜெனோவா எழுந்து நின்று மிதித்தாள்.
நான் பார்க்கப் பார்க்க
மஞ்சள் பனியன் கடுகளவானது.

பதினோரு நொடி.
அதை எங்கெங்கோ தேடினேன்:
என் முட்டியில், சோற்றில்,
அப்பாவிடமிருந்து வந்த நோஞ்சான் எலும்பில்.
அது யார் வீட்டு ஃபிரிட்ஜிலோ
தயிருக்குப் பக்கத்தில்
சின்னக் குப்பியில் இருந்திருக்கிறது.

ஜெனோவாவுக்கு நாலு வருடத் தடை.
கம்பெனி அணி சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டது,
ஹெல்மெட்டையும்.
போதாது என்கிறார் சங்கச் செயலாளர்.
ஆயுள் தடை, அபராதம், முடிந்தால் ஜெயில்.
"பாதிக்கப்பட்டது நீங்கதான், சொல்லுங்க"
என்று போன் போட்டார்கள்.

என்னத்தைச் சொல்ல?
அன்றைக்கு என் பெயருக்கு அடிக்காத பேண்டு செட்டை
எந்தத் தண்டனை கூட்டிவரும்?

ஒன்றை மட்டும் சொல்லவில்லை.
கலியமூர்த்தி சார் என்னிடமும் வந்தார்.
அதே குப்பி. நாலாயிரம் ரூபாய்.
"சத்து மருந்துதாம்மா."
வேண்டாம் என்றேன்.
யோக்கியம் என்பதால் இல்லை,
அந்த வாரம் குழுக்கடன் தவணை.
கையில் பணம் இருந்திருந்தால்
இந்த வரியை
மூன்று வருடமாக முடிக்காமல் வைத்திருக்கிறேன்.

சாருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனதாம்.
புது ஆற்றுக் கரையில் இன்றும்
ஐந்தரைக்கு அவர் விசில்.
புதிதாக ஆறு பெண்கள்.
ஒருத்தியின் சீட்டை
கடைசி மட்டம் வரை இறக்கியும் கால் எட்டவில்லை.

முறை வைத்துத் தண்ணீர் விடுகிற வருடத்தில்
ராத்திரியில் எஞ்சின் வைத்து இறைத்தவனுக்கு
அடுத்த முறை கிடையாது.
சரிதான்.
ஷட்டர் சாவி கொடுத்தவன் யாரென்று
எந்தப் பஞ்சாயத்திலும் கேட்டுப் பார்த்ததில்லை நான்.

மதியம் ஜெனோவாவின் அண்ணன் வந்தான்,
டிராக்டரில் எழுபது மூட்டை.
முகம் கொடுக்கவில்லை.
ஒரு கை அள்ளி ஈரப்பத மெஷினில் போட்டேன்.
பதினெட்டு புள்ளி இரண்டு.
பதினேழுக்கு மேல் எடுக்கக் கூடாது.
வேறு மூட்டையில் குத்தூசி விட்டு
இன்னொரு கை.
பதினெட்டு புள்ளி ஒன்று.

அவன் அப்போதுதான் என்னைப் பார்த்தான்.
"ஒரு வெயில் காயட்டும்" என்றேன்.
"நாளைக்குக் கொண்டாங்க. நான்தான் இருப்பேன்."

பேசாமல் போய்
தார் ரோட்டில் பாதியை அடைத்துக் கொட்டினான்.
வரிசையாகக் கல் வைத்தான்.

ஐந்து மணிக்குக் கிளம்பினேன்.
பைக்குள் மெடல்
பூட்டுச் சாவியோடு உரசிக்கொண்டே வந்தது,
மீதிப் பாதியில்.