முள் பதினொன்றில்

இரண்டாம் நாளும் மின்சாரம் இல்லை, மீர்பேங்கில்.
இது லோட்ஷெடிங்கும் இல்லை. அதற்காவது ஓர் அட்டவணை உண்டு.
எவனோ செம்புக் கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டான்.
ஃப்ரீசரின் அடியில் இளஞ்சிவப்பாய்க் கசியத் தொடங்கியிருந்தது
எட்டுக் கிலோ ஆட்டுக்கறி,
மலிவென்று பூபாலன் என்னைக் கேட்காமல் வாங்கியது.
நாளை புரட்டாசி பிறக்கிறது.

தெருவுக்குக் கொடுத்துவிடலாம் என்றேன்.
தெருவிலும் ஃப்ரீசர் உருகுகிறது என்றார்.
நடுவில் இன்னும் ஐஸ் இருக்கிறது, தொட்டுப் பார்.

காரேஜிலிருந்து தூக்கி வந்தார் அந்த அலுமினியப் பானையை.
ஆறு திருகு, ஒரு முள், வயிற்றில் ஒரு நெளிவு.
பிளஃபில் யாரோ வீடு காலி செய்தபோது
நூற்றைம்பது ரேண்டுக்குப் பேசி எடுத்தது.
எதற்கு என்று அன்று கேட்டேன்; பதில் இல்லை.

இருபத்தாறு வருஷம் கொதிகலன் பார்த்தவர்.
ஆலையை மூடியபின்
பார்ப்பதற்கு முள் இல்லாமல்
காரின் பெட்ரோல் முள்ளைப் பார்த்தார்,
மைக்ரோவேவின் பச்சை எண்களைப் பார்த்தார்,
அப்புறம் என் முகத்தை.

எலும்பு நீக்கி, துண்டு போட்டு,
ஜாடிக்கு ஒரு கரண்டி உப்பு.
தண்ணீர் வேண்டாம், கறியே விட்டுக்கொள்ளும்.
கழுத்தில் ஒரு விரற்கடை காலி.
விளிம்பை வினிகர் துணியால் துடைப்பது என் வேலை.
வெறும் கொதிநீர் போதாதா என்றேன்.
அந்தக் கிருமிக்கு நூறு டிகிரி வெந்நீர்க் குளியல் மாதிரி என்றார்.
கெட்டுப்போனால் நாறாதா?
நாறாது. அதுதான் கெட்டது.

லெனேசியாவிலிருந்து அவர் தங்கை தனபாக்கியம் ஃபோனில்:
பதினைந்து வை அண்ணா, நான் பதினைந்துதான் வைப்பேன்.
நீ மேட்டில் இருக்கிறாய்.
கடலோரத்துக்குப் பதினொன்று.
எவ்வளவு நாளாயிற்று
அவர் ஓர் எண்ணை இவ்வளவு நிச்சயமாய்ச் சொல்லி.

காஸ் அடுப்பு நீலமாய் இரைந்தது.
பத்து நிமிஷம் ஆவியை வெளியே விட்டு, அடைத்து,
பீர்க் கூடையைக் கவிழ்த்து எதிரே உட்கார்ந்தார்.
தொண்ணூறு நிமிஷம்.
டீ வைத்தேன். திரும்பவில்லை; கையை மட்டும் உயர்த்தினார்.
காலில் என்ன என்று அப்போதுதான் பார்த்தேன்:
ஆலை பூட்ஸ், லேஸ் கட்டி, இரட்டை முடிச்சோடு.

அணைத்தபின்னும் மூடியைத் தொடாதே,
முள் தானாக இறங்கட்டும் என்றார்.
எனக்கா சொல்கிறீர்கள்?
இரண்டு வருஷமாய் அப்படித்தான் காத்திருக்கிறேன்.
சிரித்தார் என்று நினைக்கிறேன். இருட்டு.

ஏழு ஜாடியும் துண்டின் மேல் ஆறின.
டிங்.
எங்கோ ஒரு சின்னக் காசு விழுந்தது போல.
ஒன்று என்றார்.
வெகுநேரம் கழித்து, டிங். டிங்.
ஆறோடு நின்றுவிட்டது.
ஏழாவதன் மூடி கட்டைவிரலுக்குக் கீழே டக் டக்கென்றது.
டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
மூடி நெளிசலோ, கண்ணாடியில் விரிசலோ என்று.

இதை வைக்க முடியாது.
மணி பத்தரை.
புரட்டாசிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்.

வெங்காயம், மசாலா, முற்றத்துக் கறிவேப்பிலை.
கறி முன்பே வெந்து நூலாய்ப் பிரிந்தது.
தெருமுனைக் காவலுக்கு நிற்கும் ம்தெத்வாவைக் கூப்பிட்டோம்.
ரொட்டியைப் பிய்த்துத் தொட்டு
மூவரும் நின்றபடியே தின்றோம்.
என்ன விசேஷம் என்று கேட்டான்.
நாளையிலிருந்து ஒரு மாதம் கிடையாது என்றார் பூபாலன்.
அப்போ இந்த ஆறு?
அதுபாட்டுக்கு இருக்கும்.
இருக்கும் என்ற சொல்லை
வாயில் வைத்து ருசித்த மாதிரி இருந்தது.

ஆறையும் அலமாரியில் வைத்துத் துணி போட்டு மூடினேன்.
தினமும் குளித்துவிட்டு வந்து
ஒவ்வொரு மூடியாய் அழுத்திப் பார்க்கிறார், நாடி பார்ப்பது போல.
விரத மாதத்தில் கறியைத் தொடலாமா என்றால்,
தகரத்தைத்தானே தொட்டேன் என்கிறார்.

மூன்றாம் சனிக்கிழமை மறுபடியும் மின்சாரம் போனது.
யாரும் ஃப்ரீசருக்கு ஓடவில்லை.
மெழுகுவர்த்தி ஏற்றும்போது,
அந்த ஏழாவதுக்கு என்ன ஆச்சு, இன்னும் புரியவில்லை என்றார்.

விளிம்பில் ஒரு கொழுப்பு நார் ஒட்டியிருந்தது.
துடைக்கும்போதே பார்த்தேன்.