ஐந்தா, பதினொன்றா

பாலத்துக்கு இந்தப் பக்கம் பஸ்ஸை நிறுத்தினேன்.
சாட்ஸ்வொர்த்திலிருந்து முப்பத்தொரு பிள்ளைகள்,
ஆறாம் வகுப்பு, ஆளுக்கொரு ஐஸ்கிரீம் டப்பா.
ஓட்டுநர் வண்டியிலேயே இருக்கலாம் என்றுதான் பேச்சு.
ஆனால் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தவன்
அன்றைக்கு நான் ஒருவன்தான்.
நிர்வாஷ்னி டீச்சர் என் பூட்ஸைப் பார்த்தார்,
அப்புறம் என்னைப் பார்த்தார்.
வலை என் கைக்கு வந்துவிட்டது.

வினாத்தாள் ஆஸ்திரேலியாவில் யாரோ எழுதியது.
முதல் கேள்வி:
கரையில் பிளாட்டிபஸ் வளை தெரிகிறதா?
தெரிந்தால் பெட்டியில் குறியிடு.
அடித்துவிட மறந்துபோனேன் என்றார் டீச்சர்.
மற்றவர்கள் இரண்டாவது கேள்விக்குப் போனார்கள்.
கிவேஷன் போகவில்லை.
வாத்து மூக்கு, முட்டை, பால், காலில் விஷமுள்,
இத்தனையும் ஒரே பிராணிக்குக் கொடுக்க முடிந்தால்
உம்லாஸ் ஆற்றுக்கு ஒரே ஒரு பிராணி
கொடுக்க முடியாதா மிஸ்?

கரையில் இருந்தது வேறு.
வெள்ளம் கொண்டுவந்த மெத்தை,
ஸ்பிரிங்குக்குள் புல் முளைத்தபடி.
சக்கரம் மேலே பார்க்கக் கவிழ்ந்த தள்ளுவண்டி.
மஞ்சள் துணி சுற்றிய பாதித் தேங்காய்.
யார் மிஸ் இதையெல்லாம் ஆற்றில் போடுவது?
காவடி முடித்து நானும் போட்டிருக்கிறேன்.
வலையை உதறுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

கல்லைப் புரட்டினால் கணக்கு தொடங்குகிறது.
அழுக்கைத் தாங்குகிறவனுக்குக் குறைந்த மதிப்பெண்,
தாங்கமாட்டாதவனுக்கு அதிகம்.
(நான் படித்த பள்ளியில் நேர் எதிர்.)
புழு இரண்டு. அட்டை இரண்டு. நத்தை நான்கு.
நண்டு ஆறு, அது லுங்கேலோவின் விரலைப் பிடித்தது.
தட்டான் குஞ்சு ஆறு.
இருபது, ஐந்தால் வகுத்தால் நான்கு.
நான்கு என்றால் மிக மோசம்.
ஐந்து புள்ளி ஒன்றைத் தாண்டினால்
வெறும் மோசம்.

வெறும் மோசத்துக்காக
அந்தப் பிள்ளைகள் இடுப்பளவு நனைந்தார்கள்.

கடைசியில் த்ரூஷாவின் டப்பாவில்
அரிசி நீளத்தில் ஒன்று.
ஒருநாள்பூச்சியின் குஞ்சு.
இறக்கை வந்தபின்தான் ஒருநாள்;
அதுவரை மாதக்கணக்கில் இந்தத் தண்ணீரைத்தான் மூச்சுவிடுகிறது.
அதிலும் இரண்டு ஜாதி என்றது அட்டை:
தட்டையாய் ஊர்ந்தால் பதினொன்று,
குட்டிமீன்போல் நீந்தினால் ஐந்து.
பதினொன்று என்றால் நாம் தாண்டிவிட்டோம் என்று
விரல்விட்டு எண்ணிச் சொன்னான் லுங்கேலோ.

அது அசையவில்லை.
முப்பத்தொரு தலை ஒரு டப்பாவுக்கு மேல்.
ஊர்ந்துடு, ஊர்ந்துடு என்று யாரோ முணுமுணுத்தார்கள்,
ஒருவேளை நானாக இருக்கலாம்.
மேலே நெடுஞ்சாலையில் லாரிகள்.
பென்சில் முனையில் ஏற்கெனவே
பாதிப் பதினொன்று எழுதியிருந்தாள் த்ரூஷா,
ஒரே ஒரு கோடு.

நீந்தியது.
சுண்டிவிட்டதுபோல், டப்பாவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு.

அந்தக் கோட்டை ரப்பரால் அழித்தாள்.
தாள் நனைந்திருந்ததால் கிழிந்தது.
கிழிசலுக்குப் பக்கத்தில் ஐந்து என்று எழுதினாள்.
நான்கு புள்ளி ஒன்று ஏழு.
டீச்சர் எதுவும் சொல்லவில்லை.
குஞ்சைத் திரும்ப விட்டார்கள், எடுத்த கல்லுக்கடியிலேயே.

கிளம்பும்போது பாறைமேல் கறுப்பாய் ஒரு குவியல்,
உள்ளே சிவப்பாய் நண்டோட்டுச் சில்லுகள்.
உம்தினி என்றான் லுங்கேலோ. நீர்நாய்.
ராத்திரி வந்து நம் ஆறு மதிப்பெண்ணைத் தின்றிருக்கிறது.
கிவேஷன் குனிந்து மோந்து பார்த்தான், ரொம்ப நேரம்.
பிளாட்டிபஸ் பெட்டியைத் தொடவில்லை.
அதன் பக்கத்தில் இன்னொரு பெட்டி வரைந்து
அதில் குறியிட்டான்.

வலது பூட்ஸில் ஓட்டை இருப்பது
வண்டி ஏறியபிறகுதான் தெரிந்தது.
ஹிகின்சன் நெடுஞ்சாலை முழுக்க
பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம்
காலுக்கடியில் ஆறு ஒரு சத்தம் போட்டது.
பின்சீட்டுவரை கேட்டிருக்கும்போல,
ஒவ்வொரு சிக்னலிலும் சிரித்தார்கள்.