குறியீடு இரண்டு

ஒரு படிவத்துக்கு நாற்பத்தைந்து ரூபாய்.
பாதியில் நின்ற படிவத்துக்கு ஒன்றுமில்லை.
திருப்பூரில், வேலம்பாளையத்துக்குக் கிழக்கே
இரண்டு வீதி என் பங்கு.
இங்கே பிறந்தவர் என்றால் ஒன்று போடு,
ஒடியாக்காரர் என்றால் இரண்டு,
மற்றதை மெஷினே கூட்டிக்கொள்ளும் என்றார்
கோயமுத்தூரிலிருந்து வந்த அதிகாரி.

ஒன்றில் முதல் வீடு பூவாத்தாளுடையது.
சொந்த வீடா? ஆம்.
பத்திரம் எட்டு வருசமாய் பேங்கில் கிடப்பதை
எழுத இடமில்லை.
நான்கு பவர் டேபிள்.
மூன்றின் மேல் பழைய சீலை போர்த்தியிருந்தது.
மகன் சதாசிவம், பி.இ.
வேலை தேடுகிறார் என்று ஒரு கட்டம்,
தேடுவதை நிறுத்திவிட்டார் என்று ஒரு கட்டம்.
எதுங்க தம்பி?
அம்மா மோர் எடுக்க உள்ளே போகும்வரை
பேசாமல் இருந்தான்.
அப்புறம் இரண்டாவதைத் தொட்டான்.

அடுத்த வீதி முழுக்க லைன் வீடு.
பத்துக்குப் பத்து அறை.
சுசாந்த பெஹரா, கட்டிங் மாஸ்டர்.
மனைவி ஜுனு, செக்கிங்.
கட்டிலில் போர்வைக்குள் ஒரு மச்சான்,
ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவன்,
என் கேள்விகளுக்கு நடுவே குறட்டை விட்டான்.
வாரச் சம்பளத்தைச் சொன்னார்.
இன்னொரு தரம் கேட்டு உறுதி செய்தேன்.
தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால்
பூவாத்தாள் வீட்டைவிடக் கூடத்தான்.

அட்டவணையில் இது இப்படித்தான் ஏறும்:
வந்தவர்கள் இருந்தவர்களை முந்திவிட்டார்கள்.
யாரோ ஒருவர் மைக்கில் அதைப் படிப்பார்.
மூன்று பேரின் ஒன்றரை ஷிப்டை வகுக்க
எந்தக் கட்டமும் கொடுக்கவில்லை.

போன வருட மருத்துவச் செலவு?
பூஜ்யம் என்றார்.
இடது கையில் இரண்டு விரல் பாதியோடு நின்றன.
முதலாளி கட்டிட்டாருங்க, அதனால பூஜ்யம்.
சேமிப்பு?
செல்போனைத் திறந்து கஞ்சாம் பக்கம்
நாலு செங்கல் சுவரைக் காட்டினார்.
ஜன்னல் இல்லையே என்றேன்.
அது வர்ற தீபாவளி போனஸுங்க.

ஜுனு சொல்வதையெல்லாம் எனக்குத் தமிழாக்கியவன்
லிபுன், ஒன்பது வயது.
சித்த உக்காருங்கக்கா,
பத்து நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி வருது,
அதெ மொதல்ல எழுதுங்க.
நீ எங்கடா பொறந்தே?
பெரியாஸ்பத்திரிலிங்க.
எந்த ஊர்ப் பெரியாஸ்பத்திரி?
என்னை ஒரு மாதிரி பார்த்தான்.
இந்த ஊர்லதானுங்க, வேறெங்க?

அவன் பெயருக்கு நேரே ஒன்று போட்டேன்.
திரை சிவந்தது.
குடும்பத் தலைவரின் குறியீட்டோடு பொருந்தவில்லை.
மறுபடி போட்டேன்.
மறுபடி சிவந்தது.
பேட்டரி பதினொரு சதவீதம்.

நான் உசிலம்பட்டியில் பிறந்தவள்.
மூன்று மாதக் குழந்தையாய்
அம்மா மடியில் பஸ்ஸில் வந்து இறங்கினேன்.
அப்பாவுக்கு அப்போது சாயப்பட்டறையில் வேலை.
கடைசி நாள் வரை அவர் நகக்கண் நீலம்.
போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்த தோழி
எதுவும் கேட்காமலே ஒன்று போட்டுவிட்டுக்
காப்பி குடித்துவிட்டுப் போனாள்.
நானும் திருத்தவில்லை.
எந்த ஊருங்க என்று யாராவது கேட்டால்
திருப்பூர்தானுங்க என்பேன்.
அந்த 'ங்க' பள்ளிக்கூடத்தில் தொற்றியது,
ஏழு வயதில்.
லிபுனுக்கு அதற்கும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.

என்னக்கா, ஆயிருச்சா?
என்று தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.
தமிழ் வாசிக்கத் தெரிந்த பையன்.
திரையைக் கையால் மறைத்துக்கொண்டு
இரண்டை அழுத்தினேன்.
பச்சை வந்தது.

அன்றைக்கு இருபத்திரண்டு வீடு.
தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ரூபாய்.
தண்ணீர் பற்றிய கேள்வி
படிவத்திலேயே இல்லை என்பதை
அவனிடம் சொல்லவில்லை.